மழலை வகுப்பில் நம்பிக்கையை எதுவரை பேசலாம்? ஒரு தவறு செய்துவிட்டேன்

மழலைமேசை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். சில நாளாக மனதில் கிடந்து உறுத்துகிறது.

மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒன்பது வருடமாக டீச்சராக இருக்கிறேன். இந்த வேலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டது என் வீடுதான். நால்வரில் நான் மூத்தவள். அம்மா வேலைக்குப் போய்விட்டு வரும்வரை கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதியவள். அம்மா தினமும் விடியற்காலையில் எங்கள் நால்வர் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார். பாதித் தூக்கத்தில், என் பெயர் எப்போது வரும் என்று காத்துக்கிடப்பேன். இன்றைக்கும் வகுப்புக் கதவைத் திறக்கும் முன் பதினெட்டுக் குழந்தைகளின் பெயரையும் மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் திறக்கிறேன். அது இல்லாமல் எனக்கு நாள் தொடங்காது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் வகுப்பில் நாலு வயதுப் பையன் ஒருவன். அவனைக் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் பாட்டிதான். போன மாதம் அந்தப் பாட்டி இறந்துவிட்டார். ஒரு வாரம் கழித்து வந்தவன் யாரிடமும் பேசவில்லை. கட்டைகள் இருக்கும் மூலையில் போய் உட்கார்ந்தான். நீளமான ஒரு மரக்கட்டையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "பாட்டி எடுக்கவே மாட்டேங்கிறாங்க டீச்சர்" என்றான்.

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. சின்ன வயதில் என் வீட்டில் எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன். "பாட்டி ஆண்டவர்கிட்ட நிம்மதியாத் தூங்குறாங்க கண்ணு." தலையாட்டினான். கட்டையைக் கீழே வைத்தான். சரியாகத்தான் பேசினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியம் தூங்கும் நேரத்தில் படுக்க மறுத்துவிட்டான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவன் அம்மா என்னைப் பார்க்க வந்தார். இரவில் தூங்கவே பயப்படுகிறானாம். அம்மா கண்ணை மூடினால் எழுந்து உட்கார்ந்து அவருடைய இமையைப் பிடித்துத் திறந்து பார்க்கிறானாம். அப்புறம் குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னார்: "எங்க வீட்ல சாமி பேச்சே கிடையாதுங்க டீச்சர். அவனுக்கு எப்படிச் சொல்றதுன்னு நாங்க ரெண்டு பேரும் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து யோசிச்சு வச்சிருந்தோம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் நம்பிக்கை இல்லாமல் இந்த வேலையை என்னால் செய்ய முடியாது. ஆனால் அவன் வீட்டைக் கேட்காமல் அதை அவன் தலையில் ஏற்றிவிட்டேன். இதே வேலையில் இருப்பவர்களும் பெற்றோர்களும் சொல்லுங்கள். எதுவரை பேசலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?


பழைய கரும்பலகை:

அம்மா, நான் முப்பத்தொரு வருடம் இந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் மனம் எப்படி இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

இதில் இரண்டு விஷயம் கலந்துகிடக்கிறது. அந்தப் பையனைப் பயமுறுத்தியது ஆண்டவர் இல்லை. 'தூங்குறாங்க' என்ற சொல். நாலு வயதுக் குழந்தை சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். பாட்டி தூங்கினாங்க, திரும்ப வரலை. அப்படியென்றால் நான் தூங்கினால்? அம்மா தூங்கினால்? அவன் இமையைத் திறந்து பார்த்ததில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் கொடுத்த தகவலை வைத்து அவன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். 'ஊருக்குப் போயிருக்காங்க' என்று சொல்வதும் இதே கதைதான். அடுத்த முறை அப்பா பெட்டியை எடுத்தால் அலறும்.

இறந்தவர் திரும்ப வரமாட்டார் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் தெளிவாகப் புரியும். அதனால் இறந்துட்டாங்க என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "பாட்டி இறந்துட்டாங்க. இறந்துட்டா உடம்பு வேலை செய்யாது. மூச்சு விட மாட்டாங்க, பசிக்காது, வலிக்காது. திரும்ப வர மாட்டாங்க. எனக்கும் வருத்தமா இருக்கு." இவ்வளவு போதும். நமக்குக் கல்மனசுக்காரர் பேசுவதுபோல் இருக்கும். குழந்தைக்கு அப்படி இருக்காது. நாளைக்கும் அதே கேள்வியைக் கேட்பான், பத்து நாள் கேட்பான். பத்து நாளும் அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் சொன்னால் எது உண்மை என்று தேடத் தொடங்கிவிடுவான்.

தூங்குவதையும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். "தூங்குறது வேற, இறக்குறது வேற. தூங்கும்போது உடம்பு நல்லா வேலை செய்யும், மூச்சு போய் வரும். என் வயித்துல கை வச்சுப் பாரு" என்று சொல்லி அவன் கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது. நானும் கும்பிடுகிறவள்தான். என்னைக் காப்பாற்றியது ஒரே கேள்வி: "உங்க வீட்ல என்ன சொன்னாங்க?" ஒருமுறை ஒரு பெண் குழந்தை, தன் தம்பி நட்சத்திரமாகிவிட்டான் என்றாள். பக்கத்தில் இருந்தவன், இல்லை, யாரும் நட்சத்திரமாக மாட்டாங்க என்று அடித்துச் சொன்னான். இரண்டும் என்னைப் பார்த்தன. "அவ வீட்ல அப்படிச் சொல்றாங்க, உன் வீட்ல இப்படிச் சொல்றாங்க" என்றேன். சரி என்று இரண்டும் விளையாடப் போய்விட்டன. பெரியவர்கள் நாம்தான் உடனே தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறோம்.


இரட்டையர் அப்பா:

நான் நம்பிக்கை இல்லாதவன். மூன்றரை வயதில் இரண்டு பெண்கள். அந்தப் பையனின் அம்மா இடத்தில் நான் இருந்திருந்தால் அவ்வளவு அமைதியாகப் பேசியிருக்க மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த வயதில் என் பிள்ளைகளுக்கு டீச்சர் சொல்வதுதான் வேதம். "டீச்சர் சொன்னாங்க" என்று வந்து நின்றால் வீட்டில் அப்பா சொல்வது எடுபடாது. அவ்வளவு அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அந்த அதிகாரத்தை வைத்துக் கடவுள் இருக்கிறார் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது.

ஆனால் இன்னொன்றையும் எழுதாவிட்டால் மனசாட்சி உறுத்தும். எங்கள் இரட்டையரின் டீச்சர் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. ஒருநாள் சீக்கிரமாகக் கூப்பிடப் போயிருந்தேன். ஒரு குழந்தை வரிசையில் நின்றபடியே சிறுநீர் கழித்துவிட்டது. மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும் முன்பே அந்த டீச்சர் தன் கையில் இருந்த தண்ணீர்க் கோப்பையை அந்த ஈரத்தின் மேலேயே சாய்த்துவிட்டு, "அச்சச்சோ, டீச்சர் தண்ணியைக் கொட்டிட்டேனே, நீயும் நனைஞ்சுட்டியா? வா, ரெண்டு பேரும் போய் உடுப்பு மாத்தலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எங்கிருந்து அந்த நிமிடத்தில் அது தோன்றியது என்று பிறகு கேட்டேன். காலையில் வேண்டிக்கொண்டு வருவேன் சார், எந்தப் பிள்ளையும் இன்னைக்கு என் முன்னால கூனிக்குறுகக் கூடாதுன்னு, என்றார். அந்த வேண்டுதலை எனக்கு நம்பத் தெரியாது. அது என் பிள்ளைகள் இருக்கும் அறையில் நடக்கிறது என்பதில் எனக்கு நிம்மதி.


தூசித்தாள்:

இந்தக் கேள்வி மழலைக் கல்வி தோன்றிய நாளிலிருந்தே கூட வருகிறது. டீச்சர் தனியாகத் தவிக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

கொமீனியஸ் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு சிறு சபையின் ஆயராக இருந்தவர். 1622-ல் கொள்ளைநோயில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தவர். அவர்தான் பிறந்ததிலிருந்து ஆறு வயதுவரை பிள்ளைக்குத் தாய்மடியே பள்ளி என்று ஒரு முறையாகவே வகுத்து எழுதினார். வீட்டிலிருந்து குழந்தையைப் பிரித்துப் பார்க்கவே அவர் ஒப்பவில்லை.

ஃப்ரோபெல் ஒரு போதகரின் மகன். ஒரு வயது நிறையும் முன்பே தாயை இழந்தவர். 1837-ல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கி, 1840-ல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயர் வைத்தார், குழந்தைகளின் தோட்டம். நூல் சுற்றிய மெத்தென்ற பந்து, மர உருண்டை, கனசதுரம், உருளை என்று அவர் கொடுத்த விளையாட்டுப் பொருள்கள் எல்லாமே, படைப்பு முழுவதும் இறைவனில் ஒன்றாக இணைந்திருக்கிறது என்ற அவருடைய நம்பிக்கையிலிருந்து வந்தவை. மழலைமேசை டீச்சர் வகுப்பில் இருக்கும் கட்டைகளுக்கு ஒருவகையில் அதுதான் மூதாதை. ஆனால் அவற்றைக் கையில் எடுக்கும் குழந்தைக்கு அந்தத் தத்துவம் தெரிய வேண்டியதில்லை. அடுக்கலாம், தள்ளிவிடலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த மனிதரின் பள்ளிகளை 1851-ல், அன்றைய ஜெர்மானிய நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசு நாத்திகம் பரப்புகிறது என்று குற்றம்சாட்டித் தடைசெய்தது. அவருடைய உறவினர் கார்ல் என்பவரின் எழுத்தை இவருடையதோடு குழப்பிக்கொண்டார்கள் என்று சொல்கிறார்கள். தடை நீங்கியது 1860-ல். ஃப்ரோபெல் 1852-லேயே இறந்துவிட்டார். நம்பிக்கையை வாய்விட்டுச் சொல்லாமல் பந்தாகவும் கட்டையாகவும் கொடுத்த மனிதருக்கு நேர்ந்தது இது.

மாண்டிசோரி அம்மையாரும் கத்தோலிக்கர்தான். 1907-ல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தவர், 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து பல மதத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். யாரும் அவருடைய மதத்துக்கு மாற வேண்டியிருக்கவில்லை.

சட்டமாகக் கேட்டால், 1989-ல் ஐநா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு இதைத்தான் பேசுகிறது. சிந்தனை, மனசாட்சி, மதம் ஆகியவற்றில் குழந்தைக்குச் சுதந்திரம் உண்டு. குழந்தையின் வளர்ச்சிக்கு ஏற்றபடி அதில் வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு. டீச்சரைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை.


நீலக்குடை:

எல்லோரும் நெகிழ்ந்து எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கோபப்பட வேண்டாம்.

நானும் இந்த வேலையில் ஏழு வருடம் இருந்தேன். "இது வேலை இல்லம்மா, ஊழியம்" என்று என் காதில் ஓதியே என்னைச் சக்கையாகப் பிழிந்தார்கள். காய்ச்சலில் விடுப்புக் கேட்டால் ஊழியம். இரண்டு பேர் பார்க்க வேண்டிய பிள்ளைகளை ஒருத்தியாகப் பார்க்கச் சொன்னால் ஊழியம். இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து அட்டை வெட்டினால் அதற்குக் கூலி கிடையாது, ஆசீர்வாதம்தான். ஏழாவது வருடம் என் தொண்டை போய்விட்டது. குரல்நாணில் தடிப்பு, ஆறு வாரம் பேசக் கூடாது என்றார் டாக்டர். அந்த ஆறு வாரத்தில் என்னிடம் வந்த ஒரே கேள்வி "எப்ப வருவீங்க?"

குழந்தைகளோடு வேலை செய்வது புனிதம் என்று சொல்லுங்கள், நானும் சொல்வேன். ஆனால் அது படித்துப் பழகிச் செய்ய வேண்டிய தொழில். ஒரு குழந்தை பென்சிலை முஷ்டியால் பிடிப்பதைப் பார்த்து அது வயதுக்கு ஏற்றதா, கைத்தசை வலுப்பட வேண்டுமா என்று சொல்லத் தெரிய வேண்டும். பேச்சு தாமதமாகிறதா, காது கேட்கவில்லையா என்று சந்தேகிக்கத் தெரிய வேண்டும். டாக்டரும் வேண்டிக்கொண்டுதான் ஆபரேஷனுக்குப் போகிறார். அதற்காக அவரிடம் யாரும் ஊழியம் என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பதில்லை.


பழைய கரும்பலகை:

நீலக்குடை, உங்களிடம் கோபப்பட ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியதில் பாதியை நானும் அனுபவித்திருக்கிறேன். எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. என் நம்பிக்கை நான் எனக்குச் சொல்லிக்கொள்வது. நிர்வாகம் எனக்குச் சொல்ல வேண்டியது வேலை நேரமும் சம்பளமும் விடுப்பும்தான். அவர்கள் வாயில் ஊழியம் என்ற சொல் வந்தால், நான் உடனே தாளை எடுத்து என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதி நீட்டிவிடுவேன்.

தொண்டைக்கு: தூரத்திலிருந்து கத்தாதீர்கள், பிள்ளை இருக்கும் இடத்துக்குப் போங்கள். கைமணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான் விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவேன், எல்லாத் தலையும் திரும்பும்.


பிறைநிலா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். நான் இரண்டு வயதுக் குழந்தைகளோடு இருக்கிறேன். எங்கள் வகுப்பில் இறப்பு பற்றிய கேள்வி வராது. எங்களுக்கு வருவது கடி.

ஒரு வாரத்தில் ஒரே குழந்தை நாலு பேரைக் கடித்தது. கடிபட்ட பிள்ளையின் அப்பா வந்து வாசலில் நின்றார். எனக்கு அந்தக் கடிக்கும் குழந்தையைப் பார்த்தாலே எரிச்சல் வரத் தொடங்கியது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இரண்டு வயதுப் பிள்ளையின் மேல் எனக்கு மனக்கசப்பு.

ஒருநாள் ஃபஜ்ர், அதாவது அதிகாலைத் தொழுகை, முடிந்த பிறகு என் நிய்யத்தை, மனதில் வைக்கும் எண்ணத்தை, மாற்றிக்கொண்டேன். இன்றைக்கு இந்தப் பிள்ளை கடிக்காமல் தடுப்பது என் வேலை இல்லை, இந்தப் பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அப்புறம் ஒரு நோட்டில் ஒவ்வொரு கடியையும் எழுதினேன்: எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், பக்கத்தில் யார், அதற்கு முன் என்ன நடந்தது. ஐந்தாம் நாள் பக்கத்தைப் புரட்டினால் பளிச்சென்று தெரிந்தது. எல்லாமே சாப்பாட்டுக்கு முந்தைய இருபது நிமிடத்தில், கைகழுவும் இடத்தின் நெரிசலில். பசி, நெரிசல், பேச வார்த்தை இல்லை. வரிசையை இரண்டாகப் பிரித்தேன். அவளை முதல் ஆளாக, என் கையைப் பிடித்துக்கொண்டு வரவைத்தேன். இருபது நொடி சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பாட்டு வைத்திருக்கிறோம், அதை அவள்தான் தொடங்கி வைப்பாள். கடி நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், அந்த மாதத்தில் இன்னும் ஒன்றே ஒன்று.

நீலக்குடை அக்கா சொன்ன தொழிலும் மழலைமேசை அக்கா சொன்ன நம்பிக்கையும் எனக்கு அந்த நோட்டில் ஒன்றாகத்தான் இருந்தன. நிய்யத் இல்லாவிட்டால் அந்தக் குழந்தையை வெறுத்திருப்பேன். நோட்டு இல்லாவிட்டால் வெறும் நல்ல எண்ணத்தோடு உட்கார்ந்திருப்பேன்.


மழலைமேசை:

எல்லோருக்கும் நன்றி. கரும்பலகை அம்மா, 'சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான்' என்று எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று அவன் அம்மா அப்பா இருவரையும் சந்தித்தேன். மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் யோசித்து வைத்திருந்ததை எனக்கும் சொல்லிக்கொடுங்கள், அதையே நானும் சொல்கிறேன்" என்றேன். அவர்கள் சொன்னதை அவர்கள் முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டேன். அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இன்னொரு விஷயம். இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மகளுக்கு ஏழு வயது. போன வாரம் ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் முழித்தாள், நேரமாகிவிட்டது, நான் கத்திவிட்டேன். அவள் அழவில்லை. "உன் கிளாஸ் பிள்ளைங்ககிட்ட மட்டும் நீ கீழ உட்கார்ந்து பேசுவ" என்றாள். பிள்ளை அழுதால் முதலில் இறங்கி உட்காரு, அப்புறம் பேசு என்பது என் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது. வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனதை வகுப்பிலேயே செலவழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறேனோ என்று இருக்கிறது. காலையில் பதினெட்டுப் பெயர் சொல்கிறேனே, அதில் அவள் பெயர் இல்லை. அது எனக்கு அன்றுதான் உறைத்தது.


சுண்ணக்கட்டி:

அக்கா, என் மனைவி மழலை டீச்சர். நான் கணவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இதற்கு மனதை மட்டும் திட்டிக்கொண்டு பயனில்லை, வீட்டு ஏற்பாட்டையும் மாற்ற வேண்டும். அவள் நாள் முழுக்க ஆயிரம் தடவை பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறாள். வீட்டுக்குள் வந்ததும் நானும் பிள்ளைகளும் கூப்பிடத் தொடங்கினால் பாவம் என்ன செய்வாள்? வந்ததும் இருபது நிமிடம் அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அந்த இருபது நிமிடம் பிள்ளைகள் என் பொறுப்பு, அழுதாலும் என் பொறுப்பு. சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு வேண்டுவாள், சில நாள் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். வெளியே வரும்போது வேறு ஆளாக வருவாள்.

காலையில் அவசரம் என்றால் லேஸ் இல்லாத ஷூ வாங்கிக்கொடுங்கள். லேஸ் கட்டுவதை விடுமுறை நாளில் சொல்லிக்கொடுக்கலாம்.


தூறல்:

இந்த இழையை நேற்றிரவு முழுக்கப் படித்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. மழலைக் கல்வி படிக்கத்தான் ஆசை. அப்பா வேண்டாம் என்கிறார். மூக்கு துடைக்கிற வேலைக்கு ஒரு படிப்பா என்கிறார். அவர் கெட்டவர் இல்லை, என் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அவரை எதிர்த்துக்கொண்டு போக எனக்கு மனம் இல்லை. கடவுள் என்னை இதற்குத்தான் அழைக்கிறார் என்றும் தோன்றுகிறது. என்ன செய்வது?


நீலக்குடை:

தம்பியா தங்கையா தெரியவில்லை, தூறல். அழைப்பு இருக்கிறதா என்று உட்கார்ந்து யோசிக்காதே. ஒரு மழலை வகுப்பில் கேட்டுப்பார்த்து ஒரு மாதம் உதவிக்குப் போ. முதல் வாரமே ஜலதோஷம் பிடிக்கும், அது எல்லோருக்கும் வரும், பயப்படாதே. குனியும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கிக் குனியப் பழகு. நாள் முடியும்போது தெரிந்துவிடும். அலுப்பு எல்லோருக்கும் இருக்கும். மறுநாள் காலை அந்தப் பிள்ளைகளில் யாராவது ஒருவரைப் பற்றி உனக்கே ஒரு யோசனை வருகிறதா என்று பார், இன்னைக்கு இவளுக்கு இப்படிச் செய்துபார்க்கலாமே என்று. வந்தால் நீ இந்த வேலைக்கு ஆள்.

நான் அவ்வளவு கசப்பாக எழுதினேனே தவிர, இப்போதும் வேறொரு இடத்தில் இதே வேலையில்தான் இருக்கிறேன். இங்கே ஒரு வகுப்புக்கு இரண்டு பேர். மதியம் அரைமணி நேரம் எனக்கென்று உண்டு.


இரட்டையர் அப்பா:

தூறல், அப்பாவை ஒருநாள் கையோடு வகுப்புக்குக் கூட்டிப்போங்கள். ஒரு மணி நேரம் மூலையில் உட்காரட்டும். நானும் ஒரு காலத்தில் இவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தவன். கொட்டிய தண்ணீரைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.


பழைய கரும்பலகை:

அப்பா சொல்வதைக் கேட்டு வருத்தப்படாதே தூறல். என் அப்பாவும் இதையேதான் சொன்னார். மூக்கு துடைப்பதும் இந்த வேலைதான் என்று அவரிடம் ஒத்துக்கொள். யார் மூக்கையும் பின்னாலிருந்து சட்டென்று துடைக்கக் கூடாது, முன்னால் வந்து, "மூக்கைத் துடைக்கட்டுமா" என்று கேட்டுவிட்டுத் துடைக்க வேண்டும். அப்புறம் பிள்ளையை ஒரு கண்ணாடி முன்னால் நிறுத்தி, தானே துடைத்துக்கொள்ளப் பழக்க வேண்டும். இதைக் கற்க எனக்கு இரண்டு வருடம் ஆனது என்று அவரிடம் சொல்.


மழலைமேசை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

அவன் மறுபடியும் கட்டையை எடுத்தான். இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "பாட்டி எடுக்கலை" என்றான். "உங்க வீட்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "பாட்டி செத்துட்டாங்க. அவங்களால பேச முடியாது. நாம பேசலாம்" என்றான். அவன் அம்மா அப்பா எழுதிக்கொடுத்த தாளில் இருந்த அதே வார்த்தைகள்தான். "சரி, நீ பேசு" என்றேன். கட்டையைக் காதில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன வரைந்தான், யார் தன்னைத் தள்ளிவிட்டார்கள் என்றெல்லாம் பாட்டியிடம் சொன்னான். அப்புறம் கட்டையை என் கையில் கொடுத்து, "நீயும் பேசு" என்றான். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "உங்க பேரனை நல்லாப் பார்த்துக்கிறேன்மா" என்று சொல்லிக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு அது ஜெபம்தான். அவனிடம் அப்படிச் சொல்லவில்லை.

தூங்கும் நேரத்தில் என் வயிற்றில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கிறான். முதல் மூன்று நாள் பத்துத் தடவை பார்த்தான். இப்போது ஒரு தடவை.

சுண்ணக்கட்டி தம்பி, லேஸ் இல்லாத ஷூ வாங்கிவிட்டேன். காலையில் இப்போது பத்தொன்பது பெயர். மகள் பெயரைக் கதவுக்கு வெளியே சொல்வதில்லை, வீட்டிலேயே, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்கிறேன். நேற்று கண்ணை மூடிக்கொண்டே, "அம்மா, என் பேரை ரெண்டாவது தடவை சொல்லு" என்றாள்.

அவன் அம்மா இன்று மாலை ஒன்று கேட்டார். அந்தக் கட்டையை இரண்டு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, ராத்திரி பாட்டியிடம் பேச வேண்டும் என்கிறான் என்று. பையில் போட்டு அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை கொண்டுவந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை.